மட்டந்தட்டல்: 63 எப்படி 50 ஆனது?

கோண்டாவில் அம்மா

மகள் தரம் 6 படிக்கிறாள். பெருக்கல் வாய்ப்பாடு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. கணக்கில் பின்நிற்கிறவள் அல்ல. ஓர் எண்ணை அதற்குக் கிட்டிய பத்து, நூறு என்று மாற்றி எழுதும் இந்த மட்டந்தட்டலில் மட்டும் குழம்பிப்போய் நிற்கிறாள்.

கொப்பியில் உள்ளதை அப்படியே தருகிறேன். கிட்டிய பத்துக்கு: 78 இற்கு 80, சரி. 45 இற்கு 50, சரி. 63 இற்கு 50. 91 இற்கு 80. கிட்டிய நூறுக்கு: 4,372 இற்கு 44.

"ஏன் பிள்ளை 63 ஐ 50 ஆக்கினாய்?" என்று கேட்டேன். "5 அல்லது அதற்கு மேல் வந்தால் ஒன்றைக் கூட்ட வேண்டும். குறைவாக வந்தால் குறைக்க வேண்டும். 3 குறைவுதானே, அதனால் 6 ஐ 5 ஆக்கினேன்" என்றாள். ரியூசனில் எழுதிக் கொடுத்த விதியை எழுத்துக்கு எழுத்துப் பின்பற்றியிருக்கிறாள். பதில்தான் பிழை.

அதே விதியை இன்னும் நாலு தரம் எழுதவைப்பதா, வேறு வழி இருக்கிறதா? படிப்பிக்கிறவர்கள் சொல்லுங்கள்.

வெண்கட்டி

தங்கச்சி, 63 ஐ 50 ஆக்கும் பிள்ளைகளை நான் எல்லா ஆண்டுகளிலும் கண்டிருக்கிறேன். பிள்ளையில் பிழை இல்லை. விதியை முதலில் கொடுத்ததுதான் பிழை. அது கடைசியில் வர வேண்டியது.

முதலில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 63 எந்த இரண்டு பத்துகளுக்கு நடுவில் இருக்கிறது? 60 இற்கும் 70 இற்கும் நடுவில் என்று பிள்ளை சொல்லிவிட்டால், 50 என்ற பதில் அதன் வாயில் வரவே வராது. சொல்லத் தெரியாவிட்டால் எந்த விதியும் உதவாது. இடப்பெறுமானத்துக்குத் திரும்பிப் போக வேண்டியதுதான்.

இன்னொன்று செய்து பாருங்கள். முற்றத்தில் விழுந்து கிடக்கும் தென்னோலையில் நாலைந்து ஈர்க்குகளை உருவி, வெவ்வேறு நீளங்களில் முறித்துக் கொடுங்கள். பிள்ளையின் கையில் அடிமட்டம். ஈர்க்கின் ஒரு நுனியை 0 இல் பிடித்தால் மறு நுனி, பேச்சுக்கு, 8 இற்கும் 9 இற்கும் இடையில் ஆறாவது சின்னக் கோட்டில் நிற்கும். எந்தச் சென்ரிமீற்றர் கிட்ட? 9 என்பாள். 8.6 ஐக் கிட்டிய முழு எண்ணுக்கு மட்டந்தட்டியாயிற்று. அடுத்த ஈர்க்கு 8.2. அதை 7 என்று சொல்ல எந்தப் பிள்ளைக்கும் மனம் வராது. 7 அந்த நுனிக்கு அருகிலேயே இல்லை என்பது கண்ணுக்கு முன்னால் கிடக்கிறது.

அடிமட்டத்தை உற்றுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு சென்ரிமீற்றருக்கும் நடுவில் ஐந்தாவது கோடு மற்றவற்றைவிடச் சற்று நீளமாக இருக்கும். அந்த நீளக் கோட்டுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? விதியில் வரும் "5" அதுதான். அதைப் பிள்ளை தானாகவே கண்டுபிடிக்கட்டும், நீங்கள் முந்திக்கொண்டு சொல்ல வேண்டாம்.

ரியூட்டரி சேர்

ஐயா, ஈர்க்கு நன்றாகத்தான் இருக்கிறது. எனது வகுப்பில் ஒரு வாங்கில் ஆறு பிள்ளைகள் நெருக்கியடித்து இருக்கிறார்கள். ஈர்க்கைக் கொடுத்தால் ஒருவனை ஒருவன் குத்துவான். தவணைப் பரீட்சைக்கு முன்னால் இருக்கும் நேரத்தில் பின்னம், தசமம், பரப்பளவு எல்லாம் முடிக்க வேண்டும். விதியை ஒரு நிமிடத்தில் சொல்லலாம். பத்தில் எட்டுப் பிள்ளைகள் பிடித்துக்கொள்கிறார்கள்.

விதியில் குறை இல்லை. அதைச் சொல்லும் விதத்தில்தான் குறை. "குறைவென்றால் குறை" என்று நான் சொல்வதில்லை. "குறைவென்றால் முன்னாலுள்ள இலக்கத்தைத் தொடாதே, பின்னால் உள்ளவற்றைப் பூச்சியமாக்கு" என்பேன். 63, 60 ஆகிவிடும். 4,372, 4,400 ஆகிவிடும். பிரச்சினை முடிந்தது.

வலிகாமம் ரீச்சர்

சேர், "பின்னால் உள்ளவற்றைப் பூச்சியமாக்கு" என்று படித்துவிட்டு என்னிடம் வருகிற பிள்ளைகள்தான் தசமத்தில் வழுக்குகிறார்கள். 13.47 ஐ முதலாம் தசமதானத்துக்கு மட்டந்தட்டச் சொன்னால் 13.50 என்று எழுதுகிறார்கள். முழு எண்ணில் பூச்சியம் போட்டே ஆகவேண்டும், இல்லாவிட்டால் 4,400 என்பது 44 ஆகிவிடும். தசமத்தில் அந்தப் பூச்சியத்தைப் போட்டால், கேட்காத தானத்துக்குப் பதில் சொன்னதாகிவிடும். இரண்டுக்கும் ஒரே வசனம் பொருந்தாது.

நேரம் இல்லை என்பது உண்மை. எனது வகுப்பிலும் ஈர்க்கு கொடுக்க முடியாது. நான் கரும்பலகையில் இலக்கம் எதுவும் இல்லாத ஒரு கோடு கீறுவேன். கிட்டிய நூறுக்கு 4,372 என்றால், இடது முனையில் என்ன எழுதுவது, வலது முனையில் என்ன எழுதுவது என்று பிள்ளைகளையே கேட்பேன். 4,300, 4,400. நடுவில் 4,350. 4,372 எந்தப் பக்கம் விழுகிறது? அரை நிமிடம் போதும். கொப்பியில் ஒவ்வொரு கணக்குக்கும் இந்தக் கோட்டைக் கீறச் சொல்வேன். சில நாட்களில் அவர்களே கோட்டை விட்டுவிட்டு மனத்தில் பார்க்கத் தொடங்குவார்கள். விதியை அன்றைக்குச் சொன்னால், "இது எங்களுக்குத் தெரியும் ரீச்சர்" என்பார்கள்.

தசமத்துக்கும் அதே கோடுதான். 13.47 என்றால் முனைகள் 13.4, 13.5. நடுவில் 13.45. தடுமாறுகிற பிள்ளை பெரும்பாலும் இந்த இரண்டு முனைகளையும் எழுதும்போதே தடுமாறும். 13.4 இற்கு அடுத்தது 14.4 என்று எழுதும். மட்டந்தட்டல் தெரியாததால் அல்ல, தசமமே பிடிபடாததால் வருகிற பிழை அது. பத்தில் ஒன்றுகள், நூறில் ஒன்றுகள் என்று திரும்ப ஒருக்கால் போய்வர வேண்டும்.

வளாகத்து மாணவன்

எனக்குச் சிறுவயதிலிருந்தே ஒரு சந்தேகம். 45 சரி நடுவில் இருக்கிறது. 40 இற்கும் 5 தூரம், 50 இற்கும் 5 தூரம். பிறகு ஏன் 50? "0, 1, 2, 3, 4 கீழே, 5, 6, 7, 8, 9 மேலே, ஐந்துக்கு ஐந்து" என்று எனக்குச் சொன்னார்கள். ஆனால் 0 வந்தால் எண் அசைவதே இல்லையே. உண்மையில் நான்கு இறங்குகின்றன, ஐந்து ஏறுகின்றன. நிறைய எண்களை மட்டந்தட்டிக் கூட்டினால் கூட்டுத்தொகை சற்று ஏறித்தான் இருக்கும்.

பைத்தன் என்ற கணினி மொழியில் 2.5 ஐ மட்டந்தட்டச் சொன்னால் 2 வருகிறது, 3.5 இற்கு 4 வருகிறது. சரி நடுவில் இருந்தால் இரட்டை எண் பக்கம் போவது அதன் வழக்கம். பாதித் தடவை ஏறும், பாதித் தடவை இறங்கும், சமன்பட்டுவிடும். எங்கள் பாடப்புத்தகத்தில் ஏன் அது இல்லை?

வெண்கட்டி

தம்பி, நீர் சொல்வது சரி. நடுவில் நிற்கிற எண்ணுக்குக் "கிட்டியது" என்று ஒன்று கிடையாது. மேலே போவது ஓர் உடன்பாடு, வீதியில் இடப்பக்கமாகப் போவதுபோல. உடன்பாடு என்றே பிள்ளைக்குச் சொல்லிவிட வேண்டும். காரணம் கண்டுபிடித்துச் சொல்லப்போனால் அது பொய்க் காரணமாகத்தான் முடியும்.

ஆனால் இந்த உடன்பாட்டுக்கு ஒரு வசதி உண்டு. 6.5 மட்டும்தான் சரி நடு. 6.51, 6.5003 எல்லாம் நடுவைத் தாண்டியவை, மேலேதான் போக வேண்டும். நடுவையும் மேலே அனுப்பிவிட்டால், 5 இற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கவே தேவையில்லை. ஓர் இலக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். இரட்டை எண் முறையில் கடைசி வரை பார்க்க வேண்டும். தரம் 6 பிள்ளைக்கு முதலாவது போதும். கணினிக்கு எதுவும் பாரமில்லை.

ஸ்காபரோவில் இருந்து

பிறந்தது கொக்குவில், இருப்பது கனடா. இங்கே 2013 பெப்ரவரி 4 இலிருந்து ஒரு சதக் குற்றியைப் புழக்கத்துக்கு விடுவதில்லை. காசாகக் கொடுத்தால் மொத்தத் தொகையைக் கிட்டிய 5 சதத்துக்கு மட்டந்தட்டுவார்கள். 12.42 என்றால் 12.40. 12.43 என்றால் 12.45. 12.47 என்றால் 12.45. 12.48 என்றால் 12.50. அட்டையில் கட்டினால் சதம் தப்பாமல் எடுப்பார்கள்.

எனது மகன் "5 வந்தால் கூட்டு" விதியோடு வந்து 12.47 ஐ 12.50 என்று அடம்பிடித்தான். ரீச்சர் சொன்ன கோட்டைக் கீறினேன்: 12.45, 12.50. 7 இற்கு 5 கிட்டவா, 10 கிட்டவா? உடனே விளங்கிவிட்டது. கிட்டிய 5, கிட்டிய 25 என்று கேட்டால் அந்த விதி அப்படியே உதவாது. கோடு எதற்கும் உதவும்.

கோண்டாவில் அம்மா

அங்கே அரசு சொன்ன முறைப்படி செய்கிறார்கள், இங்கே யாரும் சொல்லாமலே நடக்கிறது. விலையில் சதம் எழுதியிருக்கும், கையில் சதக் குற்றி புழங்குவதில்லை. எங்கள் பக்கத்துக் கடை ஒன்றில் 487 என்றால் 490 தான். 482 என்றாலும் 490 தான்! மிச்சத்துக்கு ஒரு ரொபி. அதை மட்டந்தட்டல் என்பதா வேறு ஏதும் தட்டல் என்பதா தெரியவில்லை.

ஈர்க்கு வேலைசெய்தது. நேற்றுப் பின்னேரம் மகள் வீட்டில் உள்ள பென்சில், கரண்டி, தம்பியின் சப்பாத்து எல்லாவற்றையும் அளந்து எழுதிக்கொண்டிருந்தாள். 63 இப்போது 60. 91 ஐ 90 என்று தானே திருத்திவிட்டாள். 997 ஐக் கிட்டிய பத்துக்குக் கேட்டால் மட்டும் 9910 என்று எழுதுகிறாள்.

வலிகாமம் ரீச்சர்

99 பத்துகளுக்கு அடுத்தது 100 பத்துகள் என்று எண்ணச் சொல்லுங்கள் அம்மா. 970, 980, 990 என்று பத்துப் பத்தாக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு வந்தால் 9910 என்று எந்தப் பிள்ளையும் சொல்லாது. 9 இன் மேல் ஒன்றைக் கூட்டும் கணக்குகளை வேண்டுமென்றே கூடுதலாகக் கொடுங்கள்: 96, 1,998, 4.96, 0.97.

தையல்காரி

கேட்கலாமா தெரியவில்லை, நான் கணக்கு ரீச்சர் அல்ல. சட்டைக்கு 2.3 மீற்றர் துணி வேண்டும் என்று வந்தால், கடையில் கால் மீற்றர் கணக்கில்தான் வெட்டுவார்கள் என்றால், நான் 2.5 வாங்கச் சொல்வேன். கிட்ட இருப்பது 2.25 தான். 2.25 வாங்கினால் கை வைக்கத் துணி இராது. எனது மகன் "அம்மா பிழையாக மட்டந்தட்டுகிறீர்கள்" என்கிறான்.

ரியூட்டரி சேர்

அக்கா, உங்கள் மகனிடம் இதைக் கேளுங்கள். 130 பிள்ளைகளைச் சுற்றுலாவுக்குக் கூட்டிப்போக 54 ஆசனங்கள் உள்ள பஸ் எத்தனை வேண்டும்? வகுத்தால் 2.4 சொச்சம். கிட்டிய முழு எண் 2. இரண்டு பஸ் பிடித்தால் 22 பிள்ளைகள் வீதியில் நிற்பார்கள். மறுபக்கம், கையில் 500 ரூபா இருக்கிறது, ஒரு கொப்பி 130 ரூபா, எத்தனை வாங்கலாம்? 3.8 சொச்சம். கிட்டியது 4. ஆனால் 3 தான் வாங்கலாம். எட்டுப் புள்ளிகள் போகிற இடம் இது. விதி, கோடு இரண்டும் தெரிந்த பிள்ளையும் இதில் விழும். இதற்கு வினாவை வாசிப்பதுதான் மருந்து.

ஒரு விடயத்தில் நான் மாறப்போவதில்லை. பரீட்சை மண்டபத்தில் கோடு கீறிக்கொண்டிருக்க முடியாது.

வளாகத்து மாணவன்

கீறத் தேவையில்லை சேர், ரீச்சர் அதைத்தானே சொன்னார்.

பெயர் வேண்டாம்

இடையில் ஒரு கேள்வி. மகன் தரம் 8. 2.97 ஐ முதலாம் தசமதானத்துக்கு மட்டந்தட்டி 3 என்று எழுதினான். புள்ளி குறைத்துவிட்டார்கள். 3.0 என்று வர வேண்டுமாம். 3 உம் 3.0 உம் ஒன்றுதானே?

இன்னொன்றும் இருக்கிறது. 3.446 ஐ முதலாம் தசமதானத்துக்குக் கேட்டதற்கு 3.5 என்று எழுதியிருக்கிறான். 6 இற்காக 4 ஐ 5 ஆக்கி 3.45, பிறகு 5 இற்காக 3.5. படிப்படியாகத்தான் செய்திருக்கிறான், அதுவும் பிழையாம்.

வெண்கட்டி

இரண்டாவதை முதலில் எடுக்கிறேன். 3.446 இன் முனைகள் 3.4, 3.5. நடு 3.45. உங்கள் மகனின் எண் நடுவை எட்டவில்லை. ஆகவே 3.4. கடைசியில் இருந்து ஒவ்வோர் இலக்கமாக உருட்டிக்கொண்டு வந்தால், எட்டாத நடுவை எட்டிவிட்டதாகக் கணக்காகிவிடும். கேட்ட தானத்துக்கு அடுத்த ஓர் இலக்கத்தை மட்டும் பார்க்க வேண்டும், ஒரே தடவையில் தட்ட வேண்டும். கணக்கு முடிய முன்னர் இடைவழியில் மட்டந்தட்டுவதும் இதே கூத்துத்தான். 10 ஐ 3 ஆல் வகுத்து 3.3 என்று சுருக்கிவிட்டு 6 ஆல் பெருக்கினால் 19.8. உண்மையில் 20. விடையில் மட்டும் தட்டு, வழியில் தட்டாதே என்று நான் கரும்பலகையின் மூலையில் எழுதி வைத்திருப்பேன்.

3 உம் 3.0 உம் எண்கோட்டில் ஒரே இடம்தான். ஆனால் மட்டந்தட்டிய விடையாக வரும்போது, 3 என்றால் அந்த ஆள் 2.5 இலிருந்து 3.5 வரை எங்கேயும் இருந்திருக்கலாம். 3.0 என்றால் 2.95 இலிருந்து 3.05 இற்குள்தான். எவ்வளவு கவனமாக அளந்தோம் என்பதை அந்தப் பூச்சியம் சொல்கிறது. தங்கம் நிறுக்கிறவரிடம் கேட்டுப் பாருங்கள், 8 கிராமும் 8.00 கிராமும் அவருக்கு ஒன்றல்ல.

1856 இல் எவரெஸ்ட்டின் உயரத்தை 29,002 அடி என்று அறிவித்தார்கள். கணக்கில் வந்தது சரியாக 29,000 என்றும், யாரோ மட்டந்தட்டிப் போட்டது என்று உலகம் நினைக்கும் என்பதற்காக 2 அடியைச் சேர்த்தார்கள் என்றும் ஒரு கதை உண்டு. கதை எவ்வளவு உண்மையோ, பூச்சியங்களின் சங்கடம் உண்மை.

வலிகாமம் ரீச்சர்

எந்தத் தானத்துக்குத் தட்டுவது என்பதையும் பிள்ளைகள் தாங்களே தெரிவுசெய்ய வேண்டும் என்று நினைக்கிறேன். வினாவே "கிட்டிய நூறுக்கு" என்று சொல்லிக்கொடுத்துவிடுகிறது, அவர்கள் யோசிப்பதில்லை. 2012 குடிசன மதிப்பீட்டில் இலங்கையின் சனத்தொகை 20,359,439. இதைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, வீட்டில் அம்மம்மாவுக்கு எப்படிச் சொல்வாய் என்று கேட்பேன். "இரண்டு கோடி" என்பான் ஒருவன். "இரண்டு கோடியே நாலு இலட்சம்" என்பாள் இன்னொருத்தி. இரண்டும் சரி. ஒன்று கிட்டிய கோடிக்கு, மற்றது கிட்டிய இலட்சத்துக்கு. இலங்கையின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலை 2,524 மீற்றர். 2,500 என்றால் நல்லது. கிட்டிய ஆயிரத்துக்கு 3,000 என்றால், கணக்கு சரி, மலைதான் அரைக் கிலோமீற்றர் வளர்ந்துவிட்டது. இதில் வகுப்பு சிரிக்கும்.

எதற்கு இந்தப் பாடம் என்று கேட்கிற பிள்ளைக்கு இன்னொன்று. 4.9 × 6.2 செய்து 303.8 என்று எழுதுகிறான். 5 × 6 = 30 என்று முதலில் ஓரத்தில் குறித்து வைத்திருந்தால், தசமப்புள்ளி இடம்மாறியதை அவனே பிடித்திருப்பான். விடை 30.38. நான் இப்போது பெருக்கல் கணக்கு எதையும் ஓரத்து மதிப்பீடு இல்லாமல் திருத்துவதில்லை.

வளாகத்து மாணவன்

தசமத்தை மட்டந்தட்டச் சொன்னால் பின்னால் உள்ளதை வெட்டி எறிந்துவிடுகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள்: 7.89 இற்கு 7.8. பெரியவர்களும் அதைச் செய்திருக்கிறார்கள். கனடாவில் வன்கூவர் பங்குச் சந்தை 1982 ஜனவரியில் பங்கு விலைகளின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் ஒரு சுட்டெண்ணை 1000 இல் தொடங்கியது. ஒவ்வொரு தடவை கணிக்கும்போதும் மூன்று தசமதானங்களுக்குப் பின்னால் உள்ளதை மட்டந்தட்டாமல் வெட்டிவிட்டார்கள். ஒரு தடவையில் போவது ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. நாளுக்கு ஆயிரக்கணக்கான தடவை. ஏறத்தாழ 22 மாதங்களில் சுட்டெண் 520 அளவுக்கு இறங்கிவிட்டது. 1983 நவம்பரில் திருத்திக் கணித்தபோது 1098 இற்கு மேல் வந்தது. சந்தை விழவே இல்லை.

ரியூட்டரி சேர்

இதை நாளைக்கு வகுப்பில் சொல்லப்போகிறேன். 22/7 ஐயும் சேர்த்துக் கேட்பேன். 22/7 = 3.142857..., π = 3.141592... இரண்டாம் தசமதானத்துக்கு இரண்டும் 3.14. மூன்றாம் தசமதானத்தில் ஒன்று 3.143, மற்றது 3.142. எந்த இடத்தில் பிரிகிறார்கள் என்று பிள்ளைகள் தேடட்டும்.

கோட்டுக்காரர்களுக்கு ஒரு கேள்வி. ஒரு முழு எண்ணைக் கிட்டிய பத்துக்கு மட்டந்தட்டியபோது 350 கிடைத்தது. அந்த எண் எதுவாக இருந்திருக்கலாம்? எனது பிள்ளைகளில் பாதிப்பேர் 351 இலிருந்து 354 வரை மட்டும் எழுதினார்கள்.

கோண்டாவில் அம்மா

மகளைக் கேட்டேன். 340, 350, 360 என்று கோடு கீறினாள், இரண்டு நடுவையும் குறித்தாள். 345 இலிருந்து 354 வரை என்கிறாள். 354.9 ஐயும் சேர்க்கலாமா என்று கேட்கிறாள்.

ரியூட்டரி சேர்

முழு எண் என்று வினாவில் இருப்பதால் முடியாது. அந்தச் சொல் இல்லாவிட்டால் 354.9 வரும், 354.99 உம் வரும், 355 வராது.